கோஸுக்கு விலை வந்த விதம்

நான் நாற்று விற்கிறவள். தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைகோஸ் என்று எதைக் கேட்டாலும் விதை போட்டு, முளைக்க வைத்து, வேர் பிடித்த நாற்றாகக் கையில் கொடுப்பேன். பச்சை வலை போட்ட இரண்டு கொட்டகை, அதற்குள் வரிசை வரிசையாகக் குழித்தட்டுகள், தண்ணீர் தெளிக்க ஒரு மோட்டார், அந்த மோட்டாரைவிடக் குறைவாகச் சத்தம் போடும் ஒரு வீட்டுக்காரர். இவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

விலை எப்படி உண்டாகிறது என்று டி.வி.யில் ஒருவர் படம் போட்டு விளக்குவார். வரத்து என்று ஒரு கோடு, தேவை என்று ஒரு கோடு, இரண்டும் எங்கே வெட்டிக்கொள்கிறதோ அங்கே விலை என்பார். அவர் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. எங்கள் ஊரில் வரத்துக் கோடு பைக்கில் வரும். என் உரக்குவியலுக்குப் பின்னால் வண்டியை மறைத்து நிறுத்திவிட்டு, கொட்டகையின் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்து, "அக்கா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்று கிசுகிசுக்கும்.

ஒரு பயிரை நாம் மட்டும் போட்டால் விலை கிடைக்கும், ஊரே போட்டால் குப்பைக்குப் போகும் என்பது இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அதனால் எதைப் போடப் போகிறோம் என்பதை எங்கள் ஆட்கள் கட்டின பெண்டாட்டியிடம்கூட மூச்சு விட மாட்டார்கள். ஆனால் என்னிடம் சொல்லியாக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வேறு நாற்றுக்கடை கிடையாது. ஆக, அத்தனை பேர் ரகசியமும் என் ஒருத்தி வயிற்றில். ஒவ்வொருவரும் தன் யோசனை உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது என்ற பூரிப்போடு போவார்கள். பக்கத்து வயல்காரர் முந்தின நாள் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதே யோசனையைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

முன்பணம் நான் வாங்குவதில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தால் சட்டைப் பையிலிருந்து யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள் என்று அவர்களே வேண்டாம் என்பார்கள். எல்லாம் வாய்வார்த்தைதான். என் நோட்டில் பெயர்கூட இருக்காது. இருமல், ரெட்டை மாடு, கிணற்றுமேடு என்று எனக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதி வைத்திருப்பேன். நான்கு மாதம் கழித்துச் சந்தையில் என்ன விலை இருக்கும் என்பதை அந்த நோட்டைப் புரட்டினால் இன்றைக்கே சொல்லிவிடலாம். சொல்லத்தான் கூடாது. பதினெட்டு வருடமாக ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம் உண்டு.

அந்த வருடம் தக்காளி கிலோ எண்பதுக்குப் போனது. முந்தின வருடம் ரோட்டோரம் கொட்டினார்களே, அதே தக்காளிதான். கொட்டினவர்கள் எல்லாம் இனிமேல் தக்காளிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார்கள். ஒருவரும் போடவில்லை, அதனால் விலை ஏறியது. ஏறின வேகத்தில் சத்தியம் கீழே விழுந்துவிட்டது.

ஒரு காலையில் இருமல் வந்தார். இரண்டு ஏக்கர் தக்காளிக்கு நாற்று கேட்டு, வழக்கம்போல யாரிடமும் சொல்லாதே என்று முடிப்பதற்குள் முன்வாசலில் ரெட்டை மாட்டுக்காரரின் குரல் கேட்டது. இருமல் ஒரே தாவில் தட்டு அடுக்கி வைத்த இரும்பு ராக்குக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். ரெட்டை மாடு உள்ளே வந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "மூணு ஏக்கர் தக்காளி" என்று என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தபோது பின்னாலிருந்து இருமல் வந்தது.

"என்னக்கா சத்தம்?" என்றார் ரெட்டை மாடு.

"மோட்டார். பழசாயிடுச்சு" என்றேன்.

மூன்றாவதாக ஒருவர் வந்ததும் ரெட்டை மாடு ராக்குப் பக்கம் ஓடினார். அங்கே ஏற்கனவே ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் மிளகாய் விலை என்ன என்று என்னை விசாரித்துவிட்டு, ஆளுக்கொரு திசையில் போனார்கள். இரண்டு பேரும் அடுத்தவர் மிளகாய்தான் போடப் போகிறார் என்று நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

வழக்கமாகத் தக்காளிக்குப் பதினைந்து பேர் வருவார்கள். அந்த முறை அறுபத்திரண்டு பேர். நான் பாட்டுக்கு விதையைப் போட்டுத் தள்ளினேன். அறுபத்திரண்டு பேரும் ஒரே சந்தைக்கு ஒரே மாதத்தில் தக்காளியை இறக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அறுபத்து மூன்றாவதாக என் அண்ணன் வந்தான்.

அவனுக்கு ஒளிந்து வரத் தெரியாது. முன்வாசல் வழியாக, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "மூணு ஏக்கர் தக்காளி போடு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். இந்தக் கொட்டகைக்கு முதல் கம்பு நட்டதே அவன்தான். போன மழையில் அவன் வீட்டின் பின்பாதிக் கூரை மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. அடுப்படி இருந்த இடத்தில் நீல நிறத் தார்ப்பாய் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். அந்தத் தார்ப்பாயிலும் ஓட்டை.

"இந்த அறுப்புல கூரை போட்டே ஆகணும்" என்றான். "உங்க அண்ணி ஒரு கையில குடையைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால சமைக்கிறா. நேத்து உப்புன்னு நினைச்சு சோப்புத்தூளை எடுத்துட்டா. மழை வந்தா என்னை ஒரு பார்வை பாக்கிறா பாரு, அதுக்கு மழையே தேவலாம்."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று ஏக்கர் தக்காளி போட்டால் அவனுக்குக் கூரை இல்லை, அடுத்த மழைக்கும் அண்ணி கையில் குடைதான் என்பது எனக்குத் தெரிந்தது. பதினெட்டு வருடக் கர்வத்தைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

"அண்ணே, தக்காளி வேணாம்."

"ஏன்?"

"அறுபத்திரண்டு பேர் போடுறாங்க. யாரு என்னன்னு கேக்காதே. நீ கோஸ் போடு. கோஸுக்கு மொத்தமே மூணு பேர்தான் சொல்லியிருக்காங்க."

அவன் தக்காளித் தட்டுகளை ஒரு முறை பார்த்தான். "கோஸா" என்றான். பிறகு, "சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று செருப்பை மாட்டினான்.

"யாருகிட்டயும் சொல்லிடாதே."

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன்?"

யாரிடம் சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கூட்டாளி. ஊரில் அவருக்குத் தந்தி என்று பெயர். அவரிடம் சொல்லாமல் என் அண்ணனுக்குச் சாப்பிட்டது செரிக்காது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னானாம். தந்தியும் தன் சகலையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாராம். சகலை தன் தம்பியிடமும் அப்படியேதான். எங்கள் ஊரில் சத்தியம் வாங்காமல் ஒரு செய்தியும் பரவாது. நான்கு நாளில் ஊர் முழுக்கப் பரம ரகசியமாகத் தெரிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலை உரக்குவியலுக்குப் பின்னால் வண்டி நிறுத்த இடமில்லை.

"அக்கா, என் தக்காளியை நிறுத்திடுங்க. கோஸ் போட்டுக் குடுங்க" என்றார் இருமல். "எல்லாரும் தக்காளி போடுறாங்களாம். போடட்டும். நான் என்ன முட்டாளா?"

"எல்லாரும்னா யாரு?" என்றேன்.

"அது உங்களுக்கே தெரியும். எனக்கு எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காதீங்க" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். அவர் போன சூட்டோடு ரெட்டை மாடு வந்தார். அவரும் முட்டாள் இல்லை. ஒரு வாரத்தில் ஐம்பத்தெட்டு பேர் முட்டாள் இல்லை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். மீதி நான்கு பேரில் இரண்டு பேர் ஊரில் இல்லை, ஒருவர் யாரோடும் பேச மாட்டார், இன்னொருவர் யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்.

வாய்வார்த்தை வியாபாரத்தில் இதுதான் வசதி. வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் செலவே இல்லை. கையில் மூன்று லட்சம் தக்காளி நாற்று. நடுகிற வயது வந்து, ஆளைத் தேடுகிற மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. பக்கத்துக் கொட்டகையில் கோஸ் விதை தட்டுத் தட்டாக முளைத்துக்கொண்டிருந்தது. இத்தனை கோஸை இந்த ஊர் பார்த்ததே இல்லை. என் வாய் ஒரே ஒரு முறை திறந்ததற்கு இவ்வளவு.

நஷ்டம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. கூரைதான் உறுத்தியது. அன்றைக்கே அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணி தார்ப்பாய்க்குக் கீழே எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கூரையிலிருந்து விழுந்த ஓடு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, கோஸ் வேணாம். தக்காளிக்கே திரும்பிடு" என்றேன், மூச்சு வாங்க.

"என்ன நீ. போன வாரம் தக்காளி வேணாம்ன. இந்த வாரம் கோஸ் வேணாங்கிற."

"ஊரே மாறிடுச்சு. எல்லாரும் கோஸுக்கு வந்துட்டாங்க. தக்காளி போட ஆளே இல்ல. இப்ப நீ தக்காளி போட்டா கூரை என்ன, மாடியே கட்டலாம்."

அவன் ஓட்டைக் கீழே வைத்தான். "உன் கொட்டகையில விக்காம கிடக்கிற தக்காளி நாத்து எவ்வளவு?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணு லட்சம்" என்றேன்.

அண்ணியின் கரண்டி நின்றது. அண்ணன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தினவர்களுக்கு அந்தப் பார்வை ஒன்று போதும், பேச்சே வேண்டாம்.

"அதானே பாத்தேன்" என்றான்.

"அண்ணே, நான் என் நாத்தை உன் தலையில கட்டப் பாக்கிறேன்னு நினைக்கிறியா? சும்மா எடுத்துக்கோ. காசே வேணாம்."

"சும்மாவா?" என்றாள் அண்ணி. "அப்ப அதுல ஏதாச்சும் நோய் விழுந்திருக்கும்."

நான் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனால் என் உண்மையும் என் லாபமும் ஒரே வண்டியில் வந்து இறங்கிவிட்டன. பார்க்கிறவர்களுக்கு லாபம் மட்டும்தான் தெரிந்தது. நாற்றுக்குக் கொஞ்சம் விலை சொல்லியிருந்தாலாவது நம்பியிருப்பார்களோ என்னவோ. இனாமாகத் தருகிறேன் என்றதும் நாற்றும் போச்சு, நானும் போனேன். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அழுதேன். எதிரே வந்த தந்தி, "என்னம்மா, கண்ணுல தூசியா?" என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் எனக்குக் கண் ஆபரேஷன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மூன்று லட்சம் நாற்றை என்ன செய்வது? கொட்டகைக்குப் பின்னால் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் சும்மா கிடந்தது. வீட்டுக்காரர் தட்டுகளைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், "நடலாம்" என்றார். அந்த மாதத்தில் அவர் பேசினது அநேகமாக அவ்வளவுதான். பத்தாயிரம் நாற்று நட்டோம். மீதியை வண்டியில் ஏற்றிக் குழியில் கொட்டினோம். பிள்ளை மாதிரி வளர்த்ததைக் கொட்ட மனசு வரவில்லை, கொட்டித்தான் ஆக வேண்டியிருந்தது.

பிறகு நடந்ததை டி.வி.க்காரர் இரண்டே கோட்டில் சொல்லியிருப்பார். தக்காளி கிலோ தொண்ணூறு. கோஸ் கிலோ ஒன்று. வயலிலிருந்து வெட்டி, மூட்டை பிடித்து, சந்தையில் இறக்கும் கூலி கிலோவுக்கு ஒன்றரை ஆகிறது. அதனால் கோஸை வெட்டாதவன்தான் அந்த வருடம் லாபம் பார்த்தவன். வெட்டாமல் விட்ட கோஸ் முற்றி, வெயிலில் தலை பிளந்து நின்றது. மாடுகள் முதல் வாரம் தின்றன. இரண்டாம் வாரம் அவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

என் ஒன்றரை ஏக்கர் மட்டும் சிவப்பாகக் காய்த்துக் கொட்டியது. வாரத்துக்கு மூன்று தடவை வெளியூர் வியாபாரி ஒருவர் லாரி கொண்டுவந்து ஏற்றிப் போனார். திட்டுவார்கள் என்று நினைத்தேன். யாரும் திட்டவில்லை. மரியாதை கொடுக்க ஆரம்பித்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

"அக்கா, அடிச்சா உங்களை மாதிரி அடிக்கணும்" என்றார் இருமல், மனதாரப் பாராட்டி. "எல்லாரையும் கோஸுக்குத் துரத்திட்டு நீங்க தக்காளி நட்டீங்க பாருங்க. அதுலயும் சொந்த அண்ணனை விட்டே செய்தியைப் பரப்பினீங்களே. அந்த மூளை யாருக்கு வரும்?"

நான் இல்லை என்று சத்தியம் செய்தேன். சத்தியத்துக்கு எங்கள் ஊரில் என்ன மதிப்பு என்பதைத்தான் ஏற்கனவே சொல்லிவிட்டேனே.

அண்ணன் என் வாசல் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டான். தக்காளி விற்ற பணத்தை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். பகல் பதினோரு மணி. அண்ணி வாசலிலேயே நின்று, "அவர் தூங்குறார்" என்றாள். உள்ளே குறட்டை கேட்டது. என் அண்ணன் குறட்டை எனக்குத் தெரியும். அது அவன் குறட்டை இல்லை, அவன் நடிக்கிற குறட்டை. அடுத்த வாரம் கூரைக்குத் தகரம் வாங்கி ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பினேன். வண்டி தகரத்தோடு திரும்பி வந்தது. வாடகையையும் அவனே கொடுத்து அனுப்பியிருந்தான். கையில் காசு இல்லாதவன் வாடகை கொடுத்தான் என்பதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது.

நான் கொடுத்தால் வாங்க மாட்டான். ஆனால் விளைச்சலுக்கு விலை வந்தால் வாங்கிக்கொள்வான். அந்த வியாபாரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன்.

"எங்க அண்ணன் கோஸ் மூணு ஏக்கர் இருக்கு. நீங்க போய்க் கிலோ எட்டுக்கு வாங்குங்க. பணம் நான் தர்றேன்."

"அக்கா, சந்தையில ஒண்ணுக்கு அள்ளிக்கோ அள்ளிக்கோன்னு கெஞ்சுறான்."

"தெரியும்."

"வாங்கி நான் என்ன செய்ய?"

"எங்கயாச்சும் தூரமாக் கொட்டிடுங்க. இந்தப் பக்கம் மட்டும் வேணாம், யாராவது பாத்துடுவாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருபது வருஷமா வியாபாரம் பண்றேன். விலை கொடுத்து வாங்கிக் கொட்டச் சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கிறேன்" என்றார். "சரி, லாரி வாடகை தனி."

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றேன். இத்தனை வருடம் கேட்டுக் கேட்டுப் புளித்த வார்த்தை, சொல்லும்போதுதான் தெரிந்தது, எவ்வளவு பயத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது என்று.

மூன்று லாரி வந்தது. அண்ணன் வயலோரம் வரிசையாக நின்றது. ஊரில் அன்று வேறு வேலை நடக்கவில்லை. வெட்ட வெட்ட எடை போட்டு, அந்த இடத்திலேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார் வியாபாரி. நான் கொட்டகைக்குள் உட்கார்ந்துகொண்டு, லாரிகள் ரோட்டைத் தாண்டும் சத்தத்தைக் கேட்டேன். நாளைக்கே ஆணி அடிக்கும் சத்தம் கேட்கும் என்று நினைத்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் சத்தம் கேட்டது. ஆணி அடிக்கும் சத்தம் இல்லை, பைக் சத்தம்.

"கோஸ் எட்டுக்குப் போகுதாமே" என்று மூச்சிரைக்க வந்தார் ரெட்டை மாடு. "வெளியூர்ல கோஸ்ல இருந்து ஏதோ மருந்து எடுக்கிறாங்களாம். தந்தி சொன்னார். பிளந்த கோஸைக்கூட விடலையாம். நாலு ஏக்கருக்குப் போடுங்க."

இந்த முறை வாயைக் கட்டிவைக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். வருகிறவர்கள் எல்லோரிடமும் பட்டவர்த்தனமாகச் சொன்னேன். "ஏற்கனவே முப்பது பேர் கோஸ் சொல்லியிருக்காங்க. மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. போடாதீங்க."

எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

"போன தடவையும் இப்படித்தானே சொல்லி எங்களைத் தக்காளியில இருந்து கிளப்புனீங்க" என்றார் இருமல். "நீங்க எதை வேணாம்னு சொல்றீங்களோ அதைத்தான் இனிமே போடுறதா இருக்கேன். கோவிச்சுக்காதீங்க."

நான் எவ்வளவு வேண்டாம் என்றேனோ அவ்வளவு கோஸ் கேட்டார்கள். முப்பது ஐம்பதானது, ஐம்பது எழுபதானது. நடுவில் அண்ணன் வீட்டுப் பக்கம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சுத்தியல் சத்தம்கூட இல்லை.

பத்தாம் நாள் அண்ணன் வந்தான். நான்கு மாதத்துக்குப் பிறகு, முன்வாசல் வழியாக, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் கேட்டான். சொம்பில் கொடுத்தேன். அவன் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "எட்டு ஏக்கர் கோஸ் போடு" என்றான்.

"உனக்கு இருக்கிறதே மூணு ஏக்கர்."

"அஞ்சு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கேன். பணம் கட்டியாச்சு."

"கூரை?"

"அது எங்க போயிடப் போகுது? அடுத்த அறுப்புல பாத்துக்கலாம். உங்க அண்ணிக்குப் பெரிய குடையா ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டேன்."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. சொன்னால் அவன் எழுந்து போய்விடுவான், இந்த ஜென்மத்துக்கு என்னோடு பேச மாட்டான் என்று தெரிந்தே சொன்னேன். "அண்ணே, உன் கோஸை யாரும் வாங்கல. நான்தான் வாங்கினேன். அந்த வியாபாரி என் ஆளு. காசு என் காசு. உன் கோஸ் இப்ப எந்தக் குழியில கிடக்குதோ எனக்கே தெரியாது."

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீதான் வாங்கினேன்னு தெரியும். அந்த ஆளு எடை போடுறப்ப ஒரு தடவைகூடத் தராசைப் பாக்கல. ஃபோனையே பாத்துக்கிட்டு நின்னான். சொந்தக் காசைப் போட்டு வாங்குறவன் தராசை விட்டுக் கண்ணை எடுப்பானா? அழுகினதைக்கூட ஏத்து ஏத்துன்னான். அப்பவே உங்க அண்ணிகிட்ட சொன்னேன், இது அவ வேலைதான், நம்மளை ஏமாத்துறவ இப்படிச் செய்வாளான்னு."

"தெரிஞ்சுமா குத்தகைக்கு எடுத்தே?"

"தெரிஞ்சதாலதான் எடுத்தேன். ஊர்ல எல்லாரும் யார் வாங்குவான்னே தெரியாம போடுறாங்க. எனக்குத்தான் வாங்குற ஆள் யாருன்னு தெரியுமே."

கேலி செய்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. கோபமும் இல்லை. மனசு நிறைந்து போய் உட்கார்ந்திருந்தான். கூடப் பிறந்தவள் எட்டு ஏக்கரையும் வாங்கிக்கொள்வாள் என்பதில் அவனுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. நான்கு மாதமாக எந்த முகத்துக்காக ஏங்கினேனோ அதே முகம். அதைப் பார்த்து எப்படி முடியாது என்று சொல்வது?

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினான். "அடுத்த தடவை அந்த ஆளைத் தராசைப் பாக்கச் சொல்லு. மூணாவது லாரியில வெட்டுறவங்க எடையைக் கூட்டிப் போட்டுட்டாங்க. நட்டம் உனக்குத்தானே."

அவன் போன பிறகு சொம்பைக் கழுவிக் கவிழ்த்தேன். வீட்டுக்காரர் தெளிப்பானை நிறுத்திவிட்டு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"எழுபது பேரும் கோஸ் போட்டா தக்காளி நூறுக்குப் போகும்" என்றார். "நாம இன்னும் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மூணு ஏக்கர் தக்காளி நடுவோம். அந்தக் காசுல மச்சான் கோஸை வாங்கிக் கொட்டிடலாம்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதில்லை. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு ஏக்கர், எண்பது டன், எட்டு லாரி, கிலோ எட்டு. சரியாகத்தான் வந்தது. மழைக்கு முன்னால் அண்ணன் வீட்டில் கூரை ஏறுவதற்கு மட்டும் அந்தக் கணக்கில் எங்கேயும் இடம் கிடைக்கவில்லை.